உதகையிலும் மேட்டுப்பாளையத்திலும் ஒரே நொடியில் மின்சாரத்தை அளப்பது எப்படி?

உதகையில் ஒரு வீட்டின் பிளக் பாயிண்டில் வரும் மின்சாரமும், மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்து வீடொன்றில் வரும் மின்சாரமும் ஒரே மின்தொகுப்பைச் சேர்ந்தவை. இரண்டும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகின்றன. ஆனால் இரண்டு அலைகளும் ஒரே கணத்தில் உச்சியைத் தொடுவதில்லை. ஒன்று சற்று முந்தும், மற்றது சற்றுப் பிந்தும். கட்டக்கோண வேறுபாடு எனப்படும் இந்த முந்தல் பிந்தலை அளந்துவிட்டால், மலைக்கும் சமவெளிக்கும் இடையே மின்திறன் எந்தத் திசையில், ஏறத்தாழ எவ்வளவு பாய்கிறது என்பதை மின்கம்பியைத் தொடாமலே சொல்லிவிடலாம். இந்த அளவீட்டைச் சிறிய அளவில் தாமே அமைத்துப் பார்க்க விரும்பும் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகவும், மின்னணுவியலில் கை வைத்துப் பழகியவர்களுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் இந்த எண்களிலிருந்தே பிறக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி வினாடி. அதை 360 டிகிரியாகப் பகுத்தால் ஒரு டிகிரிக்கு 55.6 மைக்ரோ வினாடி வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 0.4 ஓம் எதிர்வினைப்பு (மாறுமின்னோட்டத்துக்குத் தடம் காட்டும் எதிர்ப்பு) கொண்ட 50 கிலோமீட்டர் நீள 110 கிலோவோல்ட் தடத்தில் 50 மெகாவாட் பாய்வதாக வைத்துக்கொண்டால், இரு முனைகளுக்கும் இடையிலான கோணம் 4.7 டிகிரி, அதாவது சுமார் 260 மைக்ரோ வினாடி மட்டுமே. இணையத்தின் வழியாகக் கணினிகள் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபி முறையில் ஒரு மில்லி வினாடி பிசகுவது சாதாரணம். அந்த ஒரு மில்லி வினாடி இங்கே 18 டிகிரி ஆகிவிடும். ஆகவே இணைய நேரம் உதவாது. இரண்டு ஊர்களிலும் தலைக்கு மேலே தெரியும் ஒரு பொதுக் கடிகாரம் வேண்டும், அதுதான் ஜிபிஎஸ்.

இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்கள் அருண் பட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் ஆவர். முதல் கட்டக்கோண அளவி 1988இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் உருவானது. துறையில் இருப்பவர்கள் அதைப் பிஎம்யூ என்றே சொல்வார்கள். 2003 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் நேர்ந்த பெரும் மின்தடையை ஆராய்ந்தபோது, பதிவுக் கருவிகள் பலவற்றின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் எது முதலில் நடந்தது என்று வரிசைப்படுத்தவே பெரும்பாடு பட நேர்ந்தது. நம் நாட்டில் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு இருண்டபோது தென்னக மின்தொகுப்பு தனியாக இயங்கிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாக அதுவும் மற்ற பகுதிகளோடு ஒத்தியக்கத்தில் இணைந்தது. அன்று முதல் உதகைத் தெருவிளக்கும் காஷ்மீரத்துத் தெருவிளக்கும் ஒரே தாளத்தில் எரிகின்றன.

வேலையைத் தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் வானத்திலிருந்து வரும் நானோ வினாடிகளைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறார்கள். அதே நேரத்தில் மேசை மேலிருக்கும் ஒரு சிறு மின்தேக்கியில் நூறு மைக்ரோ வினாடியைத் தொலைத்துவிடுகிறார்கள். பின்வரும் படிகளில் எங்கே நீண்ட நேரம் நிற்கிறேன், எங்கே விரைந்து கடக்கிறேன் என்பதை இதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

முதல் படி: தேவையான பொருள்கள்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கருவி என இரண்டு கருவிகள் வேண்டும், இரண்டும் எல்லா வகையிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நொடித்துடிப்பு (ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் எழும் ஒரு மின்துடிப்பு) வெளியீடு உள்ள ஒரு ஜிபிஎஸ் தொகுதி, வெளியே வைக்கத்தக்க ஓர் ஆண்டெனா, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை, அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி, 230 வோல்டை 9 வோல்ட் மாறுமின்னழுத்தமாக இறக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் அடாப்டர், பதிவுக்கு ஒரு மெமரி கார்டு ஆகியவை இருக்கும். ஜிபிஎஸ் தொகுதிக்கு யூ-பிளாக்ஸ் நியோ-6எம் போன்ற எளிய வகையே தொடக்கத்துக்குப் போதும். அதன் நொடித்துடிப்பின் பிசகு 30 நானோ வினாடி அளவுதான், அதாவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலையான இடத்துக்கென்றே செய்யப்பட்ட நேர வகைத் தொகுதி கிடைத்தால் மலையில் அது கூடுதல் நன்மை தரும். காரணத்தை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

அடாப்டர் வாங்கும்போது அதன் வெளியீடு ‘ஏசி’ என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் பெரும்பாலும் கிடைப்பவை நேர்மின்னோட்டம் தருபவை, அவை இந்த வேலைக்கு ஆகா. டிரான்ஸ்பார்மரைத் தவிர்த்து மின்தடைகளைக் கொண்டு 230 வோல்டை நேரடியாகப் பகுத்து எடுக்கும் சுற்றுகள் இணையத்தில் நிறைய உண்டு. கருவியின் ஒவ்வொரு பகுதியும் மின்னதிர்ச்சி தரும் நிலையில் இருக்கும் அந்த முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. மின்வாரியத்தின் மீட்டர் பெட்டியையோ அதன் முத்திரையையோ தொட வேண்டிய தேவை இதில் எங்கும் இல்லை.

இரண்டாம் படி: ஆண்டெனாவுக்கு இடம்

சமவெளியில் மொட்டைமாடியில் எங்கு வைத்தாலும் போதும். மலையில் அப்படியில்லை. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஒரு வீட்டில் வானத்தின் பாதியை எதிர்ச்சரிவே விழுங்கிவிடும்; மீதியைத் தைல மரங்கள் மறைக்கும். மழையும் மூடுபனியும் ஜிபிஎஸ் அலைகளை ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை என்பதால் உதகைப் பனியைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆனால் நனைந்த இலைக்கூட்டம் வேறு கதை. காய்ந்த நாளில் நன்றாக வேலை செய்த ஆண்டெனா தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக இழந்தால், மேலே கவிந்திருக்கும் கிளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தகரக் கூரையின் அடியில் வைத்தால் எதுவும் கிடைக்காது. கூரையின் மேல், முகட்டுக்குச் சற்று உயரமாக ஒரு குழாயில் பொருத்தினால் அதே தகரம் கீழிருந்து வரும் எதிரொலிப்பை மறைக்கும் தட்டாகவும் உதவுகிறது.

ஒரு பக்கம் மலை மறைத்தே தீரும் என்றால், வடக்கை விட்டுக்கொடுக்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதை பூமியின் நடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்ந்திருப்பதால் அவை 55 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே போவதில்லை; 11 டிகிரியில் இருக்கும் நமக்கு நேர் வடக்கில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி உயரம் வரை எந்தச் செயற்கைக்கோளும் தோன்றாது. தெற்கில் அந்த வெற்றிடம் மிகவும் சிறியது. ஆகையால் வடக்கே தொட்டபெட்டா நின்றால் பெரிய இழப்பில்லை. தெற்கே ஒரு சரிவு நின்றால் வேறு கூரையைத் தேடுவதே நல்லது. ஆண்டெனாவுக்கு இடம் பார்ப்பதில் இந்த மலைக்கு ஒரு முன்மாதிரி உண்டு: முத்தொரையில் 1970இல் நிறுவப்பட்ட 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாகச் சாய்ந்திருக்கும் ஒரு சரிவைத் தேடிப்பிடித்து அதன் மீது கிடத்தினார்கள். சரிவே தாங்கியாகிவிட்டதால், அதன் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது.

ஆண்டெனாக் கேபிளின் நீளத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆர்ஜி-58 வகைக் கேபிளில் ஒரு மீட்டருக்கு 5 நானோ வினாடி தாமதம். 30 மீட்டர் இழுத்தாலும் 150 நானோ வினாடி, கோணத்தில் 0.003 டிகிரிகூட இல்லை. நீளத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். மின்னலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மின்னெழுச்சித் தடுப்பியைப் பொருத்தி, அதன் நிலத்தொடர்பைத் தனிக் குழியில் விடாமல் வீட்டின் நிலத்தொடர்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். இடிதாங்கி இருக்கும் கட்டடமானால் ஆண்டெனா அதன் நுனியைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: உயரம்

சாதாரணத் தொகுதி தன் இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே கணிக்கிறது. அதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். நேர வகைத் தொகுதியிடம் அதன் இடத்தை ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தால்கூட நேரத்தைத் தரும். பள்ளத்தாக்கில் இது பெரிய வசதி. ஆனால் சொன்ன இடம் தவறாக இருந்தால் அந்தத் தவறு முழுவதும் நேரத்தில் வந்து சேரும்.

நீலகிரி மலை ரயில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. மேட்டுப்பாளையத்தில் அமைத்துச் சோதித்த கருவியை, பதிந்த உயரத்தை மாற்றாமல் அப்படியே உதகைக்குக் கொண்டுபோனதாக வைத்துக்கொள்வோம். 1,877 மீட்டர் பிசகு. தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளைக் கொண்டு கணித்தால் ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 6.3 மைக்ரோ வினாடி ஆகும், கோணத்தில் 0.11 டிகிரி. சிறியதுதான் என்று தோன்றும். ஆனால் கட்டக்கோண அளவிகளுக்கான ஐட்ரிபிள்இ சி37.118 தரநிலை மொத்தப் பிசகுக்கு விடும் எல்லை 1 சதவீதம்; முழுவதும் கோணத்தில் என்று கொண்டால் அது 0.57 டிகிரி, சுமார் 32 மைக்ரோ வினாடி. கருவியை இயக்கத் தொடங்கும் முன்பே அதில் ஐந்தில் ஒரு பங்கை உயரமே தின்றுவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நாம் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது. ஜிபிஎஸ் தொகுதி உள்ளுக்குள் பயன்படுத்துவது பூமியை ஒரு சீரான நீள்கோளமாகக் கொண்டு அளந்த உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள பெரும் ஈர்ப்புத் தாழ்வின் காரணமாக நம் பகுதியில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 90 மீட்டர் வித்தியாசம் உண்டு. வரைபடத்தைப் பார்த்து உயரத்தை எழுதிக் கொடுத்தால் 0.3 மைக்ரோ வினாடி பிசகும். எனவே கையால் எதையும் எழுத வேண்டாம். தொகுதியை அந்த இடத்திலேயே 24 மணி நேரம் சுயமாக அளக்க விட்டு, அது கண்டறிந்த சராசரியையே நிலைநிறுத்துங்கள்.

சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், சிறப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, செயற்கைக்கோள் குறிகைகள் காரணமின்றி மினுங்குவதைக் காணலாம். காந்த நடுக்கோடு நமக்குச் சற்றுத் தெற்கே ஓடுவதால் மேல் வளிமண்டலத்தின் அயனிப் படலம் அந்நேரத்தில் குமிழிகளாகக் கலைகிறது. சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் இது கூடும். கொடைக்கானல் பக்கம் அமைப்பவர்களுக்கும் இதே அனுபவம்தான். ஆண்டெனாவைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை, இரவு முற்றியதும் தானே சரியாகிவிடும்.

நான்காம் படி: நொடியும் நொடியின் பெயரும்

ஜிபிஎஸ் தொகுதி இரண்டு வழிகளில் நேரத்தைத் தருகிறது. ஒரு கம்பியில் ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ஒரு துடிப்பு எழும். இன்னொரு கம்பியில், சற்றுத் தாமதமாக, ‘இப்போது இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை நொடி’ என்ற வாசகம் எழுத்துகளாக வரும். துடிப்பு மிகத் துல்லியமானது, ஆனால் அதற்குப் பெயர் இல்லை. பெயரைத் தரும் வாசகத்துக்கோ துல்லியம் இல்லை. இரண்டையும் இணைத்து, இந்தத் துடிப்புக்கு இந்தப் பெயர் என்று பதிவது நிரலின் வேலை. பெரும்பாலான தொகுதிகளில் துடிப்புக்குப் பின் வரும் வாசகம் அப்போது எழுந்து முடிந்த துடிப்பையே குறிக்கும். அடுத்து வரப்போகும் துடிப்பை அன்று.

நான் முதலில் அமைத்த கருவிகளில் ஒன்று, என் நிரலின் தவறால், ஒரு நொடி தள்ளிப் பெயரிட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் இயக்கியதும் கோண வேறுபாடு சில நிமிடம் பூஜ்யத்துக்கு அருகில் நின்றது. பிறகு மெல்ல ஏறிப் பத்து டிகிரியைத் தாண்டியது, இறங்கியது, எதிர்ப்பக்கம் போனது. மின்தொகுப்பே இப்படி ஊசலாடுகிறது போலும் என்று ஒரு மாலை முழுவதும் அந்த வரைபடத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அதிர்வெண் வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: இரண்டும் ஒரே வடிவம். அதிர்வெண் சரியாக 50.00 ஆக இருக்கும்போது ஒரு நொடியில் அலை சரியாக 50 சுற்றுகளை முடித்துவிடுவதால், ஒரு நொடிப் பிசகு கண்ணுக்கே தெரியாது. அதிர்வெண் 49.95க்கு இறங்கினால் ஒரு நொடியில் 18 டிகிரி குறையும், பிசகு அப்போது வெளிப்படும். நம் மின்தொகுப்பின் அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையே நாள் முழுவதும் உலாவுவதால் அந்தப் பிசகும் உலாவுகிறது.

இதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு பொறிகளையும் சொல்கிறேன். துடிப்பின் எழும் விளிம்புதான் நொடியின் தொடக்கம்; தவறி விழும் விளிம்பைப் பிடித்தால், பெரும்பாலான தொகுதிகளில் துடிப்பின் அகலம் 100 மில்லி வினாடி என்பதால், சரியாக ஐந்து சுற்றுகள் தள்ளிவிடும். 50.00இல் இதுவும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது, ஜிபிஎஸ் தனக்கென வைத்திருக்கும் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2017 ஜனவரி 1 முதல் 18 நொடி முன்னே ஓடுகிறது. இந்த 18 என்ற எண் செயற்கைக்கோள் செய்தியில் ஒரு மூலையில்தான் வருகிறது, முழுச் செய்தியும் வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். அதுவரை சில தொகுதிகள் தம் நினைவில் இருக்கும் பழைய மதிப்பையே கழித்துக்கொண்டிருக்கும். ஆகவே கருவியை முதலில் இயக்கியதும் கால் மணி நேரத்துக்கு எந்தப் பதிவையும் நம்பக் கூடாது.

பதிவுகளை எப்போதும் உலகப் பொது நேரத்திலேயே எழுதுங்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது திரையில் காட்டும்போது மட்டும். நாள் மாறும்போது தொடங்கும் புதிய கோப்பு விடியற்காலை 5.30க்குத் தொடங்குவது முதலில் விசித்திரமாக இருக்கும், பழகிவிடும்.

ஐந்தாம் படி: அலையைக் கருவிக்குள் கொண்டுவருதல்

இங்கேதான் நான் முன்பே சொன்ன நூறு மைக்ரோ வினாடி தொலைகிறது. அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்டைக் குறைத்து, இரைச்சலை வடிகட்ட, ஏடிசியின் முன்னால் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் வைப்பது வழக்கம். 1 கிலோ ஓம் மின்தடையும் 100 நானோ பாரட் மின்தேக்கியும் வைத்தால், இரண்டையும் பெருக்கக் கிடைப்பது 100 மைக்ரோ வினாடி. 50 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ அவ்வளவு தாமதமாகத்தான் ஏடிசியை அடைகிறது. கோணத்தில் 1.8 டிகிரி. முப்பது மீட்டர் கேபிளின் தாமதத்தைப் போல இது அறுநூறு மடங்குக்கும் மேல்.

இரண்டு கருவிகளிலும் அதே சுற்று இருப்பதால் தாமதம் தானே கழிந்துவிடும் என்று தோன்றலாம். மின்தேக்கியின் மேல் அச்சிட்ட மதிப்புக்கு 10 சதவீதம் கூடக் குறைய இருப்பது வழக்கம். அதனால் இரண்டுக்கும் இடையே 10 மைக்ரோ வினாடி, 0.18 டிகிரி வித்தியாசம் வரும். அதோடு விலை குறைந்த பீங்கான் மின்தேக்கிகள் வெப்பநிலைக்கு ஏற்ப மதிப்பு மாறும். ஜனவரி இரவில் உறைநிலையை நெருங்கும் உதகை அறையில் ஒன்றும், மேட்டுப்பாளையத்து வெக்கையில் மற்றொன்றும் இருக்கும்போது இது உண்மையான தொல்லை. பிலிம் வகை மின்தேக்கியைத் தேர்ந்தெடுங்கள், மின்தடையைக் குறைத்து மொத்தத் தாமதத்தையே சிறிதாக்குங்கள். அடாப்டருக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மரும் தன் பங்குக்குக் கோணத்தைத் திருப்பும், அந்தத் திருப்பம் அதன் மீதுள்ள சுமையைப் பொறுத்து மாறும். எனவே அதே அடாப்டரிலிருந்து கருவிக்கான மின்சாரத்தை எடுக்காமல், அதற்குத் தனியாக ஒரு செல்போன் சார்ஜரை வைத்துக்கொள்ளுங்கள்.

துணைமின் நிலையங்களில் உண்மையான கட்டக்கோண அளவிகளை வைப்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. அங்கே அளவுக்கான மின்னோட்ட மாற்றிகளில் 0.5 வகுப்பைச் சேர்ந்தவற்றுக்கு, முழு மின்னோட்டத்தில், 30 கோண நிமிடம், அதாவது அரை டிகிரி வரை பிசகு அனுமதிக்கப்படுகிறது. நேரக் கணக்கில் அது 28 மைக்ரோ வினாடி.

ஆறாம் படி: மாதிரி எடுத்தலும் படிகக் கடிகாரமும்

ஒரு சுற்றுக்கு 32 மாதிரிகள், அதாவது நொடிக்கு 1,600 எடுத்தால் இந்த வேலைக்குப் போதும். மைக்ரோகன்ட்ரோலரின் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகுவது இயல்பு. ஒரு நொடியின் முடிவில் 20 மைக்ரோ வினாடி, 0.36 டிகிரி. ஆகவே படிகத்தை நம்பி மாதிரி எடுத்துவிட்டு, நொடித்துடிப்பைக் கொண்டு அதைத் திருத்த வேண்டும். துடிப்பை மைக்ரோகன்ட்ரோலரின் டைமர் பிடிக்கும் காலில் கொடுங்கள். நிரல் வந்து பார்க்கும் வரை காத்திருக்காமல் துடிப்பு எழுந்த அதே கணத்தில் டைமரின் எண்ணிக்கையை வன்பொருளே பதிந்துவிடும். 16 மெகாஹெர்ட்ஸ் டைமரில் இரண்டு துடிப்புகளுக்கு இடையே 1,60,00,000க்குப் பதிலாக 1,60,00,230 என்று வந்தால், அந்த நொடியில் படிகம் எவ்வளவு வேகமாக ஓடியது என்பது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மாதிரியின் உண்மையான நேரத்தையும் அந்த விகிதத்தில் கணக்கிடலாம். லினக்ஸ் ஓடும் சிறு கணினியில் துடிப்பைச் சாதாரணமாகப் படித்தால் சில சமயம் பத்து இருபது மைக்ரோ வினாடி தள்ளாடும், அதனால் இந்த வேலையை மட்டும் மைக்ரோகன்ட்ரோலரிடமே விடுவது நல்லது.

பிறகு ஒரு சுற்றின் 32 மாதிரிகளை எடுத்துப் பூரியே உருமாற்றம் செய்தால் அலையின் உயரமும் கோணமும் கிடைக்கும். கோணத்தின் தொடக்கப் புள்ளி குறித்த தரநிலையின் வரையறையைப் பின்பற்றுங்கள்: நொடி பிறக்கும் கணத்தில் அலை உச்சியில் இருந்தால் கோணம் பூஜ்யம், அலை பூஜ்யத்தைக் கடந்து மேலே ஏறிக்கொண்டிருந்தால் கழித்தல் 90. கணக்கிட்ட கோணத்துக்கு நேர முத்திரை குத்தும்போது எடுத்த மாதிரிகளின் நடுக்கணத்தைக் குறிக்க வேண்டும், கடைசிக் கணத்தை அன்று. நொடிக்குப் பத்துப் பதிவுகள் போதும். அதுவே நாளொன்றுக்கு 8,64,000 வரிகள்.

ஜிபிஎஸ் விட்டுப்போன நேரத்தில் என்ன செய்வது? பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகும் படிகமானால் 32 மைக்ரோ வினாடி எல்லையை அரை நிமிடத்தில் தாண்டிவிடும். வெப்பப் பெட்டிக்குள் வைத்த, நூறு கோடியில் ஒரு பங்கே பிசகும் படிகமானால் எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், ஆனால் விலை ஏறும். தொடக்கநிலையில் அதற்குச் செலவிட வேண்டாம். செயற்கைக்கோள் இல்லாத நொடிகளுக்கு ஒரு கொடியை ஏற்றிப் பதிந்துவிட்டு, ஆய்வில் அவற்றை விலக்குங்கள்.

ஏழாம் படி: இரண்டையும் ஒரே பிளக்கில்

இதைத் தவிர்த்துவிட்டு நேராக இரண்டு ஊர்களில் கொண்டுபோய் வைத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள். இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டில் செருகி, தனித்தனி ஆண்டெனாவோடு ஒரு முழு நாள் ஓட விடுங்கள். இரண்டும் அளப்பது ஒரே அலையை என்பதால் கோண வேறுபாடு பூஜ்யமாக வர வேண்டும். வருவது அநேகமாக 0.4, 0.7 போன்ற ஒரு நிலையான எண்ணாக இருக்கும். அது மின்தேக்கிகளும் அடாப்டர்களும் செய்த வேலை, குறித்து வைத்துக்கொண்டு இனி எப்போதும் கழித்துவிடலாம். அந்த எண் அதிர்வெண்ணோடு சேர்ந்து அசைந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். இரவில் ஒன்றாகவும் பகலில் வேறாகவும் இருந்தால் ஐந்தாம் படிக்கு. 180 டிகிரி என்று வந்தால் பதற வேண்டாம், இரண்டு ஊசி உள்ள அடாப்டர்களில் ஒன்று தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் மேலே என்று பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

எட்டாம் படி: பிரித்து வைத்துப் படித்தல்

ஒன்று உதகையிலும் ஒன்று மேட்டுப்பாளையத்திலும் ஓடத் தொடங்கியதும், கோணத்தைப் பார்க்கும் முன் அதிர்வெண்ணைப் பாருங்கள். ஒத்தியக்கத்தில் உள்ள ஒரே மின்தொகுப்பு என்பதால் இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். எங்கோ வடக்கில் ஒரு பெரிய இயந்திரம் நின்றுபோனால் இரண்டும் சேர்ந்தே சரியும்.

கோண வேறுபாடு முதலில் 94 என்றோ 147 என்றோ அபத்தமாக வரலாம். உங்கள் வீட்டுக்கு வருவது மூன்று கட்டங்களில் எது என்பது தெரியாததால் 120 டிகிரியின் மடங்கும், தெருவோர டிரான்ஸ்பார்மரின் உள்கட்டு இணைப்பு 30 டிகிரி திருப்புவதால் அதன் மடங்கும் சேர்ந்தே வருகின்றன. இந்த இரண்டு ஊர்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு சில டிகிரிகளுக்கு மேல் இருக்க வழியில்லை. எனவே அருகிலுள்ள 30இன் மடங்கைக் கழித்துவிட்டால் 94 என்பது 4 ஆகும், 147 என்பது கழித்தல் 3 ஆகும். அதன் பிறகும் அந்த எண்ணில் உங்கள் தெருவின் பங்கு கொஞ்சம் கலந்திருக்கும். உதகையில் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை தெருவெங்கும் கீசர்கள் ஓடும்போது அழுத்தமும் கோணமும் சேர்ந்தே சற்று இறங்குவதை, வாரநாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஒப்பிட்டால் அடையாளம் காணலாம்.

தெருவின் பங்கை ஒதுக்கிவிட்டால் மீதியில் மலையின் பெரிய இயக்கம் தெரியத் தொடங்கும். 1932 முதல் மின்சாரம் தரும் பைக்காராவும், கனடாவின் உதவியோடு கொழும்புத் திட்டத்தின் கீழ் எழுந்த குந்தா நீர்மின் நிலையங்களும் இந்த மலையில்தான் இருக்கின்றன. தேவை உச்சத்துக்கு ஏறும் மாலையில் நீர்மின் இயந்திரங்கள் சுழலத் தொடங்கினால் மின்திறன் மலையிலிருந்து கீழே பாயும், மலைப்பக்கக் கோணம் முந்தும். இயந்திரங்கள் நின்று, மலை தன் தேவையைச் சமவெளியிலிருந்து பெறும் நேரத்தில் பிந்தும். பாயும் திசை மாறுவது பூஜ்யத்தைக் கடக்கும் ஒரு கோடாகத் திரையில் தெரிகிறது.

கருவிகளுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டெனா நிற்கும் இடம், கேபிளின் நீளம், தொகுதி கண்டறிந்த உயரம், நிரலின் பதிப்பு, ஒரே பிளக்கில் வைத்தபோது கிடைத்த வேறுபாடு, அன்றைய தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அருகில் இடி விழுந்த பிறகும், மேட்டுப்பாளையத்துக் கருவியை எடுத்துக்கொண்டு மலையேறி, இரண்டையும் மறுபடி ஒரே பிளக்கில் ஒரு நாள் ஓட விட்டு, அந்த எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் இடைப்பட்ட ஆறு மாதப் பதிவுகளில் எந்த நாளில் அது தாவியது என்பதைத் தேடிப் பிடித்துவிட்டு, பிறகே கீழே இறக்குங்கள்.